கோப்பித் தூளை அவிக்காதீர்கள்: அடுப்படிக் கேள்வி பதில்

சென்ற இதழில், இஞ்சித் தேநீர் பற்றிய ஒரு பதிலின் கடைசியில், ‘கோப்பித் தூளை மட்டும் தேயிலை போல அவித்துவிடாதீர்கள்’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறைப் பக்கமிருந்தும் வந்தவற்றை இரண்டு நாட்கள் இருந்து வாசித்தேன். முப்பத்திரண்டு வருடம் மனையியல் படிப்பித்தவள் நான். சோறு கறி பற்றிக்கூட இவ்வளவு ஆதங்கத்தோடு யாரும் எனக்கு எழுதியதில்லை. ஆகவே இம்முறை இந்தப் பகுதி முழுவதும் கோப்பிக்கே.

ஆரையம்பதியிலிருந்து 71 வயது வாசகர் ஒருவர்: மனைவி காலமாகி ஐந்து மாதங்கள் ஆகின்றன. நாற்பத்து நான்கு வருடமாகக் காலை ஐந்தரைக்கு அவர்தான் கோப்பி தருவார். அதே டின், அதே கேத்தல், அதே கடைத் தூள். நான் போட்டால் கசக்கிறது. வாயில் தூள் அரைபடுகிறது. ஒரு கோப்பைக்கு எவ்வளவு போடுவது என்று யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை.

அண்ணா, உங்கள் கடிதத்தை வாசித்ததும் அடுப்படிக்குப் போய் ஒரேயொரு கோப்பைக்கு அளந்து பார்த்தேன். நாலைந்து பேருக்குப் போட்டுப் பழகிய கைக்கு ஒருவருக்கு என்றால் அளவு பிடிபடுவது கடினம்தான். ஆகவே கண்ணளவு வேண்டாம். கரண்டியும் மணிக்கூடும் வைத்தே சொல்கிறேன்.

நீங்கள் குடிக்கிற கோப்பையால் ஒரு கோப்பைத் தண்ணீரும், அதற்கு மேல் இரண்டு மிடறும் எடுத்துக் கேத்தலில் வையுங்கள். அந்த இரண்டு மிடறும் கடைசியில் தூளோடு தங்கிவிடும். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணையுங்கள். அணைத்துவிட்டு மெதுவாக முப்பது எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் தண்ணீரின் சூடு சற்று இறங்கி 95 பாகைக்குப் பக்கத்தில் வந்துவிடும். கோப்பிக்கு ஏற்ற சூடு அதுதான்.

மூடியுள்ள ஒரு சிறிய ஜக்கில், நன்றாகக் குவித்து மூன்று தேக்கரண்டி தூள் போடுங்கள். அது ஏறக்குறைய 10 கிராம். 180 மில்லிலீட்டர் கோப்பைக்குப் போதும். முதலில் தூள் நனையும் அளவுக்கு மட்டும் வெந்நீர் விடுங்கள். தூள் புதிதென்றால் உப்பிக்கொண்டு நுரைக்கும். வறுத்த கொட்டைக்குள் அடைபட்டிருந்த காபனீரொட்சைட்டு வாயு அப்போதுதான் வெளியேறுகிறது. அரை நிமிடம் பொறுங்கள். பிறகு மிச்சத் தண்ணீரையும் ஊற்றி, ஒரு தடவை மட்டும் கிளறி மூடிவிடுங்கள். நான்கு நிமிடம்.

திறந்து பார்த்தால் மேலே தூள் ஏடு கட்டி மிதக்கும். அதன்மேல் ஆறிய தண்ணீர் ஒரு தேக்கரண்டி தெளியுங்கள். ஆறிய தண்ணீர் பாரமானது. கீழே இறங்கும்போது தூளையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிடும். இன்னும் ஒரு நிமிடம் ஜக்கை ஆட்டாமல் அசைக்காமல் விட்டுவிட்டு, துணி வடியால் மெதுவாக வடியுங்கள். அடியில் தெரிகிற மண்டியைக் கோப்பைக்குள் சரிக்காதீர்கள். வாயில் தூள் அரைபடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கடைசி நிமிடத்து அவசரம்தான்.

கசப்புக்குக் காரணம் வேறு. கோப்பித் தூளிலிருந்து முதலில் இறங்குவது மணமும் இலேசான புளிப்பும் இனிப்பும். கசப்பு அதற்குப் பின்னால் வருகிறது. தூளைப் போட்டு அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டால் மணம் ஆவியோடு கூரைக்குப் போய்விடும். கோப்பைக்குள் மிஞ்சுவது கசப்பு.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. எனக்கு இருபத்து நான்கு வயதில், பக்கத்து வளவில் ஒரு முப்பத்தோராம் நாள். வந்தவர்களுக்குக் கோப்பி போடுகிற பொறுப்பு என்னிடம் இருந்தது. கிடாரத்தில் தண்ணீர் கொதிக்கக் கொதிக்கத் தூளைக் கொட்டி, நல்ல சாயம் இறங்கட்டும் என்று கால் மணித்தியாலம் எரிய விட்டேன். முதல் பேணியை வாங்கிய அந்த வீட்டுப் பெத்தா ஒரு மிடறு குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது கிடாரம் கொதித்தபோது அடுப்படிக்கு வந்தார். எரிந்துகொண்டிருந்த விறகுகளை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே வெளியே இழுத்து மண்ணில் குத்தி அணைத்தார். அதன் பிறகுதான் தூள்ச் சட்டியை என்னிடம் நீட்டினார். கிடாரத்தின் மேல் ஓலைத் தட்டு ஒன்றைப் போட்டு மூடி, அதன் பக்கத்திலேயே பலகை போட்டு உட்கார்ந்துகொண்டார், யாரும் திறந்துவிடாதபடிக்கு. அன்றைக்கு வந்த வாசம் தெருவாசல் வரைக்கும் போனது. அதற்குப் பிறகு இந்த நாற்பது வருடத்தில் ஒருநாளும் நான் தூளை அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டதில்லை.

இன்னொன்று, அண்ணா. கோப்பி டின்னுக்குள்ளேயே ஒரு கரண்டி கிடக்கும். அநேகமான வீடுகளில் அப்படித்தான். உங்கள் டின்னிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் என்னுடைய மூன்று கரண்டிக் கணக்கை விட்டுவிடுங்கள். அந்தக் கரண்டியால் ஒருநாள் இரண்டு, மறுநாள் இரண்டரை, அதற்கடுத்த நாள் மூன்று என்று போட்டுப் பாருங்கள். அந்த மூன்றில் ஒன்று உங்களுக்குத் தெரிந்த கோப்பியாக இருக்கும்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகி: டீச்சர், எங்கள் உம்மா இருந்தவரை கோப்பி வீட்டிலேயே வறுத்து இடிப்பார். நோன்பு இரவில் தராவீஹ் தொழுகை முடிந்து வருகிறவர்களுக்கு அந்தக் கோப்பிதான். இந்த வருடம் நானும் வறுக்க ஆசைப்படுகிறேன். ஒருமுறை முயன்று கரியாகிவிட்டது.

தங்கச்சி, கரியானதற்குக் காரணம் நெருப்பாகத்தான் இருக்கும். கோப்பிக் கொட்டைக்கு நெருப்பும் நிதானமாக இருக்க வேண்டும், கையும் ஓயாமல் இருக்க வேண்டும்.

ஒரு தடவைக்கு 250 கிராமுக்கு மேல் எடுக்காதீர்கள். அடி கனத்த இரும்புத் தாச்சியே நல்லது. மெல்லிய அலுமினியத்தில் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் பச்சையாக நிற்கும். புகை அதிகம் வரும் என்பதால் வீட்டுக்கு வெளியே அடுப்பு மூட்டுங்கள். தாச்சி சூடானதும் கொட்டையைப் போட்டு, அகப்பையை எடுத்தால் கீழே வைக்கக் கூடாது. இறக்கும் வரைக்கும் கிளறியபடியே இருக்க வேண்டும்.

கண்ணைவிட மூக்கையும் காதையும் நம்புங்கள். முதல் ஐந்தாறு நிமிடம் வைக்கோல் நனைந்து காய்வது போன்ற ஒரு வாசம் வரும். கொட்டை மஞ்சளாகும். பிறகு பாண் வேகிற வாசம், இள மண்ணிறம். அதன் பிறகு ‘பட் பட்’ என்று பொரி வெடிப்பது போல ஒரு சத்தம் கேட்கும். கொட்டைக்குள் இருக்கிற ஈரம் ஆவியாகி அதைப் பிளந்துகொண்டு வெளியே வருகிற சத்தம் அது. ஏறக்குறைய 200 பாகைச் சூட்டில் இது நடக்கிறது. அந்த வெடிப்பு அடங்கி இரண்டு நிமிடத்துக்குள் இறக்கினால் மணமான கோப்பி. இன்னும் விட்டால் சின்னச் சின்னதாக, காய்ந்த சருகு நொறுங்குவது போல, இரண்டாவது தடவை வெடிக்கத் தொடங்கும். கொட்டையின் மேல் எண்ணெய் மினுங்கும். அதுதான் எல்லை. அதைத் தாண்டினால் கரி.

பலரும் கோட்டை விடுகிற இடம் இறக்கிய பிறகுதான். அடுப்பை அணைத்துவிட்டுக் கொட்டையைத் தாச்சியிலேயே விட்டால், இரும்பின் சூட்டில் அது இன்னும் வறுபட்டுக்கொண்டேயிருக்கும். சுளகைப் பக்கத்திலேயே வைத்திருந்து, உடனே கொட்டிப் புடையுங்கள். உமி போன்ற மெல்லிய தோல் பறந்துவிடும், கொட்டையும் ஆறும். 250 கிராம் போட்டிருந்தால் 210 கிராம் அளவில் மிஞ்சும். ஈரம் போனதால் வருகிற குறைவு அது. ஆறியதும் போத்தலில் போட்டு ஒருநாள் வைத்துவிட்டு இடியுங்கள். அன்றைக்கே இடித்துக் குடித்தால், முதல் பதிலில் சொன்ன அந்த வாயு அடங்காமல் ஒரு முரட்டுச் சுவை இருக்கும்.

உரலில் இடித்தால் அரிதட்டில் அரித்து, கப்பியை மறுபடி இடியுங்கள். மின் அரைப்பானில் அரைத்தால் விட்டு விட்டு அரைக்க வேண்டும். ஒரேயடியாக ஓட விட்டால் தகடு சூடாகித் தூளும் சூடாகும். நீங்கள் இவ்வளவு பாடுபட்டு வறுத்த மணம் அந்தச் சூட்டிலேயே போய்விடும்.

சம்மாந்துறையிலிருந்து ஒரு வாசகர்: கோப்பியோடு மல்லி, சுக்கு, மிளகு எல்லாம் சேர்க்கலாமா? என்ன அளவு?

சேர்க்கலாம். ஆனால் கோப்பிக் கொட்டையோடு ஒன்றாகப் போட்டு வறுக்காதீர்கள். மல்லி சீக்கிரம் சிவந்து கருகிவிடும். தனித்தனியே வறுத்து, இடிக்கும்போது சேருங்கள். 250 கிராம் கொட்டைக்கு என் கை அளவு: மல்லி ஒரு மேசைக்கரண்டி, மிளகு ஒரு தேக்கரண்டி, சுக்கு விரல் நுனி அளவு ஒரு துண்டு. மாரி காலத்தில், கார்த்திகை மார்கழி மழையில், சுக்கை இரட்டிப்பாக்குவேன். வெயில் காலத்தில் சுக்கையும் மிளகையும் விட்டுவிட்டு மல்லி மட்டும்.

எங்கள் அம்மா இன்னொன்றும் சேர்த்திருக்கிறார். 1990ஆம் ஆண்டுக்குப் பிந்திய சில வருடங்களில் கோப்பிக் கொட்டை கைக்குக் கிடைக்காத மாதங்கள் இருந்தன. இருந்ததை இழுத்துப் பிடிக்க, சிவப்புப் பச்சரிசியைக் கருஞ்சிவப்பாக வறுத்துப் பாதிக்குப் பாதி கலந்தார். நிறமும் பதமும் இருக்கும். தூக்கத்தைக் கெடுக்கிற கஃபீன் அரிசியில் இல்லை என்பதால், பாதிக்குப் பாதி கலந்தால் அதுவும் ஏறக்குறைய பாதியாகும். இப்போதும் என் பேரப்பிள்ளைகளுக்குக் கோப்பி என்று கேட்டால் அந்த அரிசிக் கோப்பியைத்தான் பனங்கட்டித் துண்டோடு கொடுக்கிறேன்.

கல்லடியிலிருந்து: கோப்பித் தூளைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா?

வேண்டாம். திறந்து மூடும்போதெல்லாம் ஈரம் பிடிக்கும், மீன் வாசமும் ஏறும். காற்றுப் புகாத டின்னில், அடுப்புக்குத் தூரமாக, வெளிச்சம் படாத தட்டில் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் போகாத அளவுக்கு வாங்குங்கள்.

வாழைச்சேனையிலிருந்து ஒரு வாசகி: எங்கள் கிணற்றில் ஆவணி மாதத்தில் தண்ணீர் உவர்த்துவிடுகிறது. என்ன தூள் போட்டாலும் கோப்பி நன்றாக வருவதில்லை. நன்றாகக் கொதிக்க வைத்தால் சரியாகுமா?

கொதிக்க வைத்தால் உவர் கூடுமே தவிரக் குறையாது. தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு அப்படியே நிற்கிறது. ஒரு கோப்பைக் கோப்பியில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான் என்பதை யோசித்துப் பாருங்கள். வாவிக் கரையிலும் கடற்கரையிலும் இருக்கிற நாங்கள் தூளைக் குறை சொல்லுமுன் கிணற்றைத்தான் பார்க்க வேண்டும்.

மழை நீரைச் சேர்த்து வைத்திருந்தால் அது பெரிய உதவி. முதல் இரண்டு மூன்று மழையில் கூரை கழுவுப்பட விட்டு, அதற்குப் பிறகு வருவதைப் பிடித்து வடித்து வையுங்கள். ஆனால் மழை நீரை மட்டும் வைத்துக் கோப்பி போட்டால் சப்பென்று இருக்கும். கோப்பியின் சுவையை இறக்குவதற்கு நீரில் கொஞ்சம் மக்னீசியமும் கல்சியமும் வேண்டும். மழை நீரில் அவை இல்லை. ஆகவே மழை நீர் மூன்று பங்குக்குக் கிணற்று நீர் ஒரு பங்கு கலந்து, கொதிக்க வைத்துப் பாருங்கள். எங்கள் பக்கத்துக்கு உன்னிச்சைக் குளத்துக் குழாய் நீர் வருகிறது. அதில் உவர் இல்லை, குளோரின் வாசம்தான் உண்டு. முதல் நாள் இரவே மண்பானையில் ஊற்றி, மெல்லிய துணியால் வாய் கட்டி வைத்துவிடுவேன். காலையில் வாசம் போயிருக்கும்.

திருக்கோவிலிலிருந்து ஒரு இளைஞர்: கட்டாரிலிருந்து வரும்போது ஒரு சிறிய மோகா கோப்பிப் பாத்திரம் கொண்டுவந்தேன். அடியில் தண்ணீர், நடுவில் தூள், மேலே கோப்பி வருகிற பாத்திரம். நம்மூர்த் தூள் போட்டால் கோப்பி மேலே ஏறவே இல்லை. பக்கத்தில் உள்ள சின்னக் குமிழிலிருந்து ஆவி சீறுகிறது. பாத்திரம் பழுதா?

தம்பி, பாத்திரம் பழுதில்லை. ஆனால் உடனே அடுப்பை அணைத்தீர்களா? அந்தக் குமிழ்தான் பாதுகாப்பு வால்வு. அதிலிருந்து ஆவி சீறினால் உள்ளே வழி அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படியே எரிய விடக் கூடாது. முழுவதும் ஆறும் வரை திறக்கவும் கூடாது.

வழியை அடைத்தது நம்மூர்த் தூள்தான். நாங்கள் இடிக்கிற கோப்பித் தூள் முகத்துக்குப் போடுகிற பவுடர் போல மென்மையானது, அதற்குள் மல்லியும் இருக்கும். நனைந்ததும் களிபோல இறுகிவிடும். இத்தாலியில் 1933ஆம் ஆண்டு வந்த இந்தப் பாத்திரத்துக்கு, சீனியைவிடக் கொஞ்சம் மென்மையான, விரலில் நறநறக்கிற தூள் வேண்டும். கடைத் தூளை அரித்து மேலே நிற்கிற கப்பியை எடுத்துப் போட்டாலே வித்தியாசம் தெரியும். வறுத்த கொட்டை வாங்கி நீங்களே அரைத்தால் இன்னும் நல்லது.

அடிப் பாத்திரத்தில் வால்வுக்குக் கீழே நிற்கும் அளவுக்குச் சுடுநீரை ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அது சூடாகும்வரை மேலே இருக்கிற தூளும் வெறுமனே வெந்துகொண்டிருக்கும். தூளைக் கூடையில் சமமாக நிரப்புங்கள், அமுக்காதீர்கள். துணியால் பிடித்து இறுக்கமாக மூடி, சிறு நெருப்பில் வையுங்கள். மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். தேன் நிறத்தில் மெதுவாக வழிந்து வரும். ‘கொறகொற’ என்று சத்தம் கேட்கத் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள். அதற்குப் பிறகு வருவது சூட்டில் வதங்கிய கசப்பு. வருகிற கோப்பி கடுமையாக இருக்கும். அப்படியே குடிக்க வேண்டும் என்றில்லை. பாதிக்கு வெந்நீர் விட்டு, உங்கள் அம்மாவுக்கும் ஒரு கோப்பை கொடுங்கள்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு வாசகி: எங்களுக்கு எருமைப்பால்தான் கிடைக்கிறது. கோப்பி போட்டால் பால் வாசம்தான் தூக்கலாக இருக்கிறது. பால்மாவே பரவாயில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

எருமைப்பால் இருக்கிற வீட்டில் பால்மா வாங்குவதா? மகள், வேண்டவே வேண்டாம். பசுப்பாலில் 4 சதவீதம் அளவுக்குக் கொழுப்பு என்றால் எருமைப்பாலில் 7 சதவீதம் வரைக்கும் போகும். அந்தக் கொழுப்பு கோப்பியின் மணத்தை மூடிக்கொள்கிறது. அதற்கு ஈடாகக் கோப்பியைக் கடுமையாக்க வேண்டும். முதல் பதிலில் சொன்ன தூளுக்குத் தண்ணீரைப் பாதியாக்கி, ஆறு நிமிடம் ஊற விட்டு வடியுங்கள். பாலைத் தனியாகக் காய்ச்சி, ஏட்டை எடுத்துவிட்டு, கோப்பி இரண்டு பங்குக்குப் பால் ஒரு பங்கு. இரண்டையும் சேர்த்து அடுப்பில் வைக்காதீர்கள். பேணிக்குப் பேணி உயர்த்தி நாலு தடவை ஆற்றினால் போதும்.

உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் அப்பாவின் வயல் வாடி நினைவுக்கு வந்துவிட்டது. படுவான்கரையில் எங்களுக்குச் சிறிது வயல் இருந்தது. சூடு மிதிக்கிற இரவுகளில் களவெட்டியின் ஓரத்தில் மூன்று கல் வைத்து, கரி பிடித்த ஒரு பானையில் கோப்பி. விடியப்புறம் பட்டிக்காரர் கறந்து கொண்டுவருகிற எருமைப்பாலைச் சிரட்டையால் மொண்டு நேரே பேணிக்குள் ஊற்றுவார் அப்பா. அந்தப் பாலின் சூடே போதும். எட்டு வயதுப் பிள்ளையான எனக்கும் ஒரு வாய் கிடைக்கும். பனங்கட்டியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு குடிக்க வேண்டும், கோப்பிக்குள் போடக் கூடாது. அது அப்பாவின் சட்டம். இன்றைக்கும் பனங்கட்டி கிடைத்தால் நான் அப்படித்தான் குடிக்கிறேன்.

கல்முனையிலிருந்து ஒரு வாசகர்: கொலஸ்ட்ரோல் கூடியிருக்கிறது, கோப்பியைக் குறையுங்கள் என்று வைத்தியர் சொன்னார். கோப்பியில் எண்ணெயே இல்லையே, எப்படிக் கூடும்?

கோப்பிக் கொட்டையில் எண்ணெய் இருக்கிறது. வறுக்கும்போது மேலே மினுங்குவது அதுதான். அந்த எண்ணெயில் கஃபெஸ்டோல் என்றொரு பொருள் உண்டு. இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டுவது அது. தூளை அவித்து, வடிக்காமல், மண்டியோடு குடிக்கிற கோப்பியில்தான் அது அதிகம். கடதாசி வடியில் வடித்தால் பெரும்பகுதி கடதாசியிலேயே தங்கிவிடுகிறது. உலோகக் கம்பி வலை எண்ணெயைப் பிடிப்பதில்லை.

கடதாசி வடி பெரிய ஆட்களின் கண்டுபிடிப்பு என்று நினைக்காதீர்கள். ஜேர்மனியில் மெலிற்றா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி, கோப்பைக்குள் மண்டி விழுகிறதே என்ற சலிப்பில், பித்தளைப் பாத்திரம் ஒன்றில் துளை போட்டு, மகனின் பாடசாலைக் கொப்பியிலிருந்த மை ஒற்றும் தாளை வெட்டி உள்ளே வைத்துப் பார்த்தார். 1908ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இப்போது அந்தத் தாள்கள் சுப்பர் மார்க்கெட்டுகளில் கிடைக்கின்றன. கூம்பு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். தாளை முதலில் வெந்நீரால் நனைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டுத் தூள் போட்டால் கடதாசி வாசம் வராது. இதைச் செய்வதால் வைத்தியர் சொன்ன அளவை மீறலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த முறை போகும்போது, எப்படிப் போட்டுக் குடிக்கிறீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

வந்தாறுமூலையிலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவி: இலங்கை என்றால் தேயிலை. பிறகு எப்படி எங்கள் பாட்டிமாரிடம் மட்டும் கோப்பி இருக்கிறது?

நல்ல கேள்வி, மகள். தேயிலைக்கு முன்னால் இந்த நாடு கோப்பி நாடு. 1820களில் கம்பளைப் பக்கத்தில் வெள்ளைக்காரர் தோட்டம் தொடங்கினார்கள். பிறகு கண்டி மலைகளில் காடு காடாக வெட்டிக் கோப்பி நட்டார்கள். எங்கள் மலையகத்து உறவுகளின் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்தது முதலில் கோப்பிக்காகத்தான். வழியிலேயே எத்தனையோ பேர் மாண்டார்கள். தேயிலை வரலாற்றைச் சொல்கிறவர்கள் இதைச் சொல்லாமல் தாண்டிப் போகும்போது எனக்கு மனம் வலிக்கிறது.

1869ஆம் ஆண்டு இலையில் ஒரு நோய் கண்டார்கள். ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சணம். இலையின் பின்புறம் துரு போலப் படரும், இலை உதிரும், காய் பிடிக்காது. இங்கிலாந்திலிருந்து மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளர் 1880ஆம் ஆண்டு வந்து, அது எப்படிப் பரவுகிறது என்பதை ஆராய்ந்தார். நிறுத்த முடியவில்லை. அடுத்த சில வருடங்களில் கோப்பித் தோட்டங்கள் சரிந்தன. 1867ஆம் ஆண்டே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் நட்டுப் பார்த்திருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது.

அந்தத் துருவை நான் கையால் தொட்டிருக்கிறேன். பண்டாரவளையிலிருந்து கொண்டுவந்து கிணற்றடியில், முருங்கை நிழலில், ஒரு கோப்பிக் கன்று வைத்திருந்தேன். மல்லிகை போல வெள்ளைப் பூ, ஒரே நாளில் கொத்துக் கொத்தாகப் பூத்து வளவெல்லாம் மணக்கும். நாலாவது வருடம் இலையைத் திருப்பினால் தோடம்பழ நிறத்தில் வட்டம் வட்டமாகப் பொடி. விரலை வைத்தேன், மஞ்சள் தூள் போல ஒட்டிக்கொண்டது. அடுத்த சித்திரைக்குள் வெறுங்கொம்பு. எங்கள் பக்கத்து வெயிலும் வைகாசி முதல் புரட்டாதி வரையான வறட்சியும் அராபிக்காக் கோப்பிக்கு ஏற்றவை அல்ல. நோயும் சேர்ந்ததும் அது தாங்கவில்லை. ரொபஸ்டா என்கிற மற்ற இனம் அந்த நோயைத் தாங்கும். அதில் கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சுவையும் முரடு.

பெரிய தோட்டங்கள் போய்விட்டாலும் மலைநாட்டு வீட்டுத் தோட்டங்களில் கோப்பி நின்றது. அங்கிருந்து சந்தைக்கு வந்த கொட்டையைத்தான் எங்கள் பாட்டிமார் வாங்கி வறுத்தார்கள். உங்கள் பாட்டி எங்கே, யாரிடம் கொட்டை வாங்கினார் என்று கேட்டு எழுதி வையுங்கள். இதை வேறு யாரும் எழுதி வைக்கப் போவதில்லை.

மண்டூரிலிருந்து ஒரு தாய்: மகள் கர்ப்பிணி. இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கோப்பி குடிக்கலாமா?

நாளுக்குக் கஃபீன் 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதே கர்ப்பிணிகளுக்குச் சொல்லப்படுகிற எல்லை. தேநீரில் இருப்பதும் அந்தக் கணக்கில் சேரும். ஒரு சிறிய கோப்பையோடு நிறுத்துவது நல்லது. அதைவிட முக்கியமானது நேரம். கோப்பியும் தேநீரும் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கின்றன. சோற்றோடும் மாத்திரையோடும் குடிக்கவே கூடாது. ஒன்றரை மணித்தியாலமாவது இடைவெளி விடச் சொல்லுங்கள். மாத்திரையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு எடுக்கலாமா என்று மருத்துவிச்சியிடம் கேளுங்கள்.

பாண்டிருப்பிலிருந்து: உடனடிக் கோப்பி பற்றி உங்கள் அபிப்பிராயம்?

இரவு ரயிலில் போகிறவர்களுக்கும் வைத்தியசாலையில் துணைக்கு நிற்கிறவர்களுக்கும் அது பெரிய உதவி. கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல், சற்று ஆறிய நீரில் கரையுங்கள். வீட்டில் அடுப்பும் ஐந்து நிமிடமும் இருக்கும்போது அதைத் தேட வேண்டியதில்லை.

ஏறாவூரிலிருந்து ஒரு வாசகி: துணி வடி இரண்டு வாரத்தில் ஊசல் வாசம் வைத்துவிடுகிறது. எப்படிக் கழுவுவது?

சவர்க்காரம் போட்டிருப்பீர்கள். சவர்க்காரத்தின் வாசம் நூலுக்குள் ஏறி, கோப்பியின் எண்ணெயோடு சேர்ந்து அப்படி ஆகிவிடும். சாயமிடாத பருத்தித் துணியாக வாங்குங்கள். புதிதாக வாங்கியதும் ஒருமுறை தனித் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க விட்டுக் கஞ்சியை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு நாளும் வடித்த கையோடு, மண்டி காயுமுன், உட்புறத்தை வெளியே திருப்பி வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்து, வெயிலில் போடுங்கள். கிழமைக்கு ஒருமுறை மறுபடி கொதிக்க வையுங்கள். மாரியில் வெயில் இல்லாத நாட்களில் ஈரத்தோடு கொடியில் தொங்க விடாதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். ஒரு கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர் விட்டு, துணியை அதற்குள் அமிழ்த்தி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு துணி. பழைய துணியில் மிஞ்சுகிற மண்டியைக் கறிவேப்பிலை மரத்தின் அடியில் கொட்டுங்கள்.